ஹெட்போனில் கேட்கும் குறைக்கேற்ற டேக்: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஹெட்போனில் ஒலி சரியில்லை என்று தோன்றியவுடன் புதிய டேக் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் பலர். டேக் எனப்படும் டிஜிட்டல்-அனலாக் மாற்றி செய்யும் வேலை ஒன்றே ஒன்றுதான்: கணினியோ கைப்பேசியோ அனுப்பும் எண்களை, ஆம்ப்ளிஃபயர் பெருக்கக்கூடிய மின்னழுத்தமாக மாற்றித் தருவது. ஒழுங்காக வடிவமைக்கப்பட்ட இன்றைய கருவிகள், விலை குறைந்தவை உட்பட, அந்த ஒரு வேலையை நன்றாகவே செய்கின்றன. குறைகள் பெரும்பாலும் அதைச் சுற்றியுள்ள இடங்களிலிருந்து வருகின்றன: மின்சாரம் வரும் வழி, தரை இணைப்பு, டிரைவர் மென்பொருள், ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்மறுப்பு (மாறுதிசை மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஓமில் அளக்கப்படும்), ஒலியளவை எந்த இடத்தில் குறைக்கிறோம் என்பது. ஆகையால் எந்தக் குறை கேட்கிறது என்பதை முதலில் உறுதி செய்துகொண்டு, அதை நீக்கும் அம்சம் எந்தக் கருவியில் இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே முறை. உள்ளே இருக்கும் சிப்பின் பெயர் அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் மூன்று மாற்றுச் சோதனைகளுடன் தொடங்குங்கள். அதே ஹெட்போனை வேறொரு கருவியில் செருகிக் கேளுங்கள். அதே கருவியில் வேறொரு ஹெட்போனைச் செருகிக் கேளுங்கள். மடிக்கணினியாக இருந்தால் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓடவிட்டுக் கேளுங்கள். குறை ஹெட்போனோடு கூடவே நகர்ந்தால் டேக் மாற்றிப் பயனில்லை. சார்ஜரைக் கழற்றியதும் குறை மறைந்தால், அடுத்த பகுதியிலேயே உங்களுக்கான விடை இருக்கிறது.

ரீங்காரம் அல்லது கிறீச்சொலி கேட்கிறது

இவை இரண்டும் வெவ்வேறு குறைகள். தீர்வும் சில இடங்களில் வேறுபடுகிறது. தாழ்ந்த சுருதியில், மாறாமல், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஒரே அளவில் கேட்கும் ரீங்காரம் மின்வழங்கலின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணிலோ அதன் மடங்குகளிலோ இருக்கும். இதற்கு வழக்கமான காரணம் தரைச்சுற்று. கணினியும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனியே மூன்று முள் பிளக் வழியாகத் தரையோடு இணைந்திருக்கின்றன. அவற்றுக்கு இடையே ஓடும் ஆடியோ கேபிளின் வெளிக்கவசமும் அவற்றை இன்னொரு வழியில் இணைக்கிறது. இவ்வாறு உருவாகும் வளையத்தில் ஓடும் சிறு மின்னோட்டம் கேபிளின் கவசத்தில் ஒரு சிறு மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஆர்சிஏ போன்ற, சிக்னல் திரும்பும் வழியாகக் கவசத்தையே பயன்படுத்தும் சமநிலையற்ற இணைப்பில் அந்த மின்னழுத்தம் இசையோடு நேரடியாகக் கலந்துவிடுகிறது. ஹெட்போன் தரையோடு இணைவதில்லை என்பதால், யூஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொண்டு டேக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கும் கருவிகளில் இந்த வளையம் பொதுவாக உருவாவதே இல்லை. தனி டேக், தனி ஆம்ப்ளிஃபயர் என்று பிரித்து வாங்க நினைப்பவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சுட்டியை அசைக்கும்போதோ, திரையில் பக்கத்தை உருட்டும்போதோ, விளையாட்டு ஓடும்போதோ சுருதி மாறி மாறிக் கேட்கும் கிறீச்சொலி வேறு வகை. செயலியும் வரைகலை அட்டையும் இழுக்கும் மின்னோட்டம் மாறும்போது கணினியின் தரை இணைப்பில் ஏற்படும் சலனம் ஆடியோ சுற்றுக்குள் நுழைவதே இதற்குக் காரணம். சில சமயம் யூஎஸ்பியின் சொந்தத் துடிப்பே கேட்கும்: ஒரு மில்லி விநாடிக்கு ஒருமுறை தொடங்கும் தரவுச் சட்டங்கள் 1 கிலோஹெர்ட்ஸிலும், அதிவேக யூஎஸ்பியில் 125 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை தொடங்கும் நுண்சட்டங்கள் 8 கிலோஹெர்ட்ஸிலும் மெல்லிய ஊளையாக வெளிப்படலாம். இந்தக் கிறீச்சொலி கணினியின் முன்பக்க ஹெட்போன் துளையில் கேட்டால், முதலில் பின்பக்கத் துளையில் செருகிப் பாருங்கள். அங்கேயும் கேட்டால் தயங்காமல் வெளி டேக் ஒன்றை வாங்கலாம். மாற்றும் சுற்று கணினிப் பெட்டியை விட்டு வெளியே வந்தாலே பெரும்பாலும் இந்தக் குறை தீர்ந்துவிடுகிறது, அதற்கு விலை உயர்ந்த கருவி தேவையில்லை.

வெளி டேக் இருந்தும் ரீங்காரமோ கிறீச்சொலியோ வந்தால், செலவில்லாத வழிகளிலிருந்து தொடங்குங்கள். எல்லாக் கருவிகளையும் ஒரே மின்பலகையில் செருகுங்கள்; வேறு யூஎஸ்பி துளையை முயலுங்கள்; டேக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையிலுள்ள கேபிளைக் குறுகியதாக மாற்றுங்கள். அதன் பிறகும் நீங்காவிட்டால் ஒளியிழை இணைப்புதான் மிக உறுதியான தீர்வு. டோஸ்லிங்க் எனப்படும் ஒளியிழைக் கேபிளில் ஒளி மட்டுமே செல்கிறது, மின்தொடர்பு இல்லை என்பதால் கணினிக்கும் டேக்குக்கும் இடையிலான வளையம் அறுந்துவிடும். அதற்குக் கணினியில் ஒளியிழை வெளியீடும், டேக்கில் ஒளியிழை உள்ளீடும் தனி மின்வழங்கலும் இருக்க வேண்டும். மாதிரி வீதம் (ஒலி ஒரு விநாடிக்கு எத்தனை முறை எண்ணாக அளக்கப்படுகிறது என்பது) 96 கிலோஹெர்ட்ஸ் வரை நம்பகமாக இயங்கும், 192 கிலோஹெர்ட்ஸ் இயங்குமா என்பது கருவியையும் கேபிளையும் பொறுத்தது. டேக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் இடையே எக்ஸ்எல்ஆர் சமநிலை இணைப்பு (சிக்னலுக்கு இரண்டு தனிக் கம்பிகள், கவசம் தனி) இருந்தால் அதுவும் நன்கு உதவும். கணினிக்கும் டேக்குக்கும் இடையே மின்தொடர்பை அறுக்கும் யூஎஸ்பி தனிமைப்படுத்தி என்ற கருவியை வாங்குவதாக இருந்தால் அதன் வேகத்தைக் கட்டாயம் பாருங்கள்: விலை குறைந்தவற்றில் பல விநாடிக்கு 12 மெகாபிட் வேகத்தோடு நின்றுவிடுகின்றன, அதிவேக யூஎஸ்பியை எதிர்பார்க்கும் டேக் அவற்றில் இயங்காமல் போகலாம்.

டேக்குக்குத் தனியாக நல்ல மின்வழங்கி வாங்கினால் போதும் என்ற அறிவுரையை அடிக்கடி கேட்கலாம். யூஎஸ்பி கேபிளின் தரைக்கம்பி அப்போதும் கணினியோடு இணைந்தே இருப்பதால், தரை வழியாக வரும் இரைச்சலுக்கு அது தீர்வாகாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும்: ரீங்காரத்தைப் போக்குவதற்காக மூன்று முள் பிளக்கின் தரை முள்ளை எக்காரணம் கொண்டும் துண்டிக்காதீர்கள். உலோக உறை கொண்ட கருவியின் உள்ளே கோளாறு நேர்ந்தால் உயிரைக் காப்பது அந்த முள்தான்.

பாட்டு ஓடாதபோதும் உஸ்ஸென்ற இரைச்சல் கேட்கிறது

காதுக்குள் செருகும் உணர்திறன் மிக்க (குறைந்த மின்சாரத்திலேயே உரக்க ஒலிக்கும்) இயர்போன்களில்தான் இது பெரும்பாலும் கேட்கும். ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது இரைச்சலும் கூடிக் குறைந்தால் அது குமிழுக்கு முந்தைய பகுதியிலிருந்து, அதாவது டேக்கிலிருந்தோ அதற்கு முன்னாலிருந்தோ வருகிறது. குமிழை முற்றிலும் குறைத்தாலும் இரைச்சல் மாறாமல் இருந்தால் அது ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டுப் பகுதிக்குச் சொந்தமானது. டேக்கை மட்டும் மாற்றிப் பயனில்லை.

ஒரு கணக்குப் போட்டால் நிலைமை விளங்கும். 16 ஓம் மின்மறுப்பும், ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் உணர்திறனும் கொண்ட இயர்போன், ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 128 டெசிபல் ஒலியைத் தரும். ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் 10 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருந்தால் அது ஒரு வோல்ட்டைவிட 100 டெசிபல் கீழே இருக்கிறது. ஆகவே காதில் 28 டெசிபல் அளவுக்கு விழும். அமைதியான அறையில் இது தெளிவாகக் கேட்கும். அதே இரைச்சல் 2 மைக்ரோவோல்ட்டாக இருந்தால் 14 டெசிபலாகக் குறைந்து, பெரும்பாலும் கவனத்திலிருந்தே மறைந்துவிடும். விவரக்குறிப்பில் பெரிதாக அச்சிடப்படும் சிக்னல்-இரைச்சல் விகிதம் உச்ச வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டு சொல்லப்படுவதால், சன்னமான ஒலியில் கேட்பவருக்கு அது அதிகம் பயன்படாது. மைக்ரோவோல்ட்டில் கொடுக்கப்பட்ட வெளியீட்டு இரைச்சல் அளவைத் தேடிப் பாருங்கள். கருவியில் கெய்ன் (பெருக்கும் அளவு) சுவிட்ச் இருந்தால் குறைந்த நிலையில் வையுங்கள். பல சமயம் அத்துடன் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

ஒலியளவு போதவில்லை

கருவியைக் குறை சொல்வதற்கு முன் மென்பொருளில் உள்ள எல்லா ஒலியளவுகளையும் பாருங்கள். இயங்குதளம், இயக்கும் செயலி, செயலிக்குள் இருக்கும் ஒலிச் சமன்படுத்தல் வசதி ஆகிய மூன்றும் தனித்தனியே ஒலியைக் குறைக்கக்கூடியவை. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் சில யூஎஸ்பி டேக்குகளின் உள்ளிருக்கும் வன்பொருள் ஒலியளவு முழுமைக்கு உயர்த்தப்படாமல் பாதியிலேயே நின்றுவிடுவதும் உண்டு. அதே டேக் கணினியில் உரக்கக் கேட்டால் காரணம் இதுதான்.

இவை சரியாக இருந்தும் போதவில்லை என்றால், ஹெட்போனுக்கு வேண்டியது என்ன என்று கணக்கிட வேண்டும். இசையின் உச்சங்களுக்கு 110 டெசிபல் கிடைத்தால் போதுமானது என்று வைத்துக்கொள்வோம். இது கணநேர உச்சம் மட்டுமே, நீண்ட நேரம் கேட்கும் சராசரி இதைவிட மிகவும் தாழ்ந்திருக்க வேண்டும். 300 ஓம் மின்மறுப்பும் ஒரு வோல்ட்டுக்கு 97 டெசிபல் உணர்திறனும் கொண்ட ஹெட்போனுக்கு இதற்குச் சுமார் 4.5 வோல்ட் தேவை. மின்னோட்டம் வெறும் 15 மில்லி ஆம்பியர். 50 ஓம் மின்மறுப்பும் ஒரு மில்லிவாட்டுக்கு 90 டெசிபல் உணர்திறனும் கொண்ட பிளேனர் வகை (தட்டையான மென்படலம் அதிரும்) ஹெட்போனுக்கு 2.2 வோல்ட் போதும். ஆனால் 45 மில்லி ஆம்பியர் வேண்டும். முன்னதற்கு மின்னழுத்தம் முக்கியம், பின்னதற்கு மின்னோட்டம் முக்கியம். கைப்பேசியில் செருகும் சிறிய டேக்குகள் பொதுவாக 1 முதல் 2 வோல்ட் வரை தருகின்றன. 2 வோல்ட்டில் அந்த 300 ஓம் ஹெட்போன் 103 டெசிபல் உச்சத்தை எட்டும். மென்மைக்கும் உரப்புக்கும் இடையிலான வேறுபாட்டைச் சுருக்கிப் பதிவு செய்யப்பட்ட திரையிசைக்கு அது போதும், மிக மென்மையான பகுதிகளும் திடீர் எழுச்சிகளும் மாறி வரும் இசைக்குப் போதாது. ஆகவே "உயர் மின்மறுப்பு ஹெட்போன்களுக்கு ஏற்றது" என்ற விளம்பர வரியை நம்பாமல், உங்கள் ஹெட்போனின் மின்மறுப்பில் எத்தனை வோல்ட், எத்தனை மில்லிவாட் கிடைக்கும் என்று சொல்லும் அட்டவணையைப் பாருங்கள்.

உணர்திறன் சில இடங்களில் மில்லிவாட்டுக்கும் சில இடங்களில் வோல்ட்டுக்கும் கொடுக்கப்படுவதைக் கவனியுங்கள். இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒப்பிட்டால் 32 ஓம் ஹெட்போனில் 15 டெசிபல் பிழை வரும்.

ஒரு கருவியில் தாழ்சுருதி ஊதிக் கேட்கிறது, இன்னொன்றில் சரியாக இருக்கிறது

டேக்கின் குணம் என்று சொல்லப்படும் வேறுபாடுகளில் கணிசமானவை வெளியீட்டு மின்மறுப்பால் விளைகின்றன. சுருளும் மென்படலமும் கொண்ட வழக்கமான டைனமிக் வகை ஹெட்போன்களில் பெரும்பாலானவற்றின் மின்மறுப்பு எல்லா அதிர்வெண்ணிலும் ஒன்றாக இருப்பதில்லை. ஒத்ததிர்வு (மென்படலம் இயல்பாகவே அதிகம் அதிர்வது) நேரும் தாழ்சுருதிப் பகுதியில் அது உயர்ந்து நிற்கும். பெரும்பகுதி 32 ஓமாகவும் ஒத்ததிர்வில் 100 ஓமாகவும் இருக்கும் ஒரு ஹெட்போனை 32 ஓம் வெளியீட்டு மின்மறுப்புள்ள கருவியில் செருகினால், தாழ்சுருதி மற்றவற்றைவிட 3.6 டெசிபல் உயர்ந்து கேட்கும். வெளியீட்டு மின்மறுப்பு 1 ஓமாக இருந்தால் அந்த வேறுபாடு 0.2 டெசிபலுக்கும் குறைவு. பல ஒலிப்பான்கள் கொண்ட பேலன்ஸ்டு ஆர்மேச்சர் (சிறு காந்த நாக்கு அதிரும் வகை) இயர்போன்களில் மின்மறுப்பு இன்னும் தாறுமாறாக ஏறி இறங்குவதால், உயர்சுருதியும் குரலும்கூட இடம் மாறிக் கேட்கும்.

வெளியீட்டு மின்மறுப்பு ஹெட்போன் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது நல்ல வழிகாட்டி. இயர்போன்களுக்கு 1 ஓமுக்குக் கீழே உள்ள கருவியைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான பிளேனர் ஹெட்போன்களின் மின்மறுப்பு கிட்டத்தட்ட நேர்கோடாக இருப்பதால், அவற்றை வைத்திருப்பவர் இந்த எண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

சொடுக்கொலியும் இடைவெளியும் வருகின்றன

யூஎஸ்பி ஆடியோ பயன்படுத்தும் தரவுப் பரிமாற்ற முறையில், பிழையாக வந்த தரவை மறுபடி அனுப்பச் சொல்லும் வசதி கிடையாது. கணினி உரிய நேரத்தில் தரவைத் தராவிட்டால் அந்த இடத்தில் இசை அறுபடுகிறது. அதுவே சொடுக்கொலியாகக் கேட்கிறது. எனவே முதலில் ஐயப்பட வேண்டியது கணினியையே. டேக்கை ஹப் வழியாக இணைத்திருந்தால் நேரடியாகக் கணினித் துளையில் செருகுங்கள். கேபிளை மாற்றிப் பாருங்கள். மின்சாரம் ஏற்ற மட்டுமே பயன்படும் கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது என்பதால், டேக்கைக் கணினி அடையாளமே காணவில்லை என்றாலும் இதே சோதனையைச் செய்ய வேண்டும். யூஎஸ்பி துளைகளைத் தூங்கவைத்து மின்சாரத்தைச் சேமிக்கும் அமைப்பை நிறுத்துங்கள். டிரைவர் அமைப்பில் பஃபர் (முன்கூட்டியே சேர்த்துவைக்கும் தரவு) அளவைக் கூட்டுங்கள். இசை கேட்பதற்கு மட்டும் பயன்படுத்துபவருக்குச் சில பத்து மில்லி விநாடித் தாமதத்தால் எந்த இழப்பும் இல்லை.

விண்டோஸில் இதன் பிறகும் தொடர்ந்தால், கம்பியில்லா இணைய அட்டையின் டிரைவரையோ வரைகலை அட்டையின் டிரைவரையோ ஐயப்படுங்கள். அவை செயலியை நீண்ட நேரம் பிடித்துவைத்துக்கொண்டால் ஆடியோ காத்திருக்க நேர்கிறது. வைஃபையைச் சற்று நேரம் அணைத்துவிட்டுக் கேட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இங்கே ஒன்று உண்டு. யூஎஸ்பி ஆடியோ என்னும் பொதுத் தரத்தின் முதல் வகுப்பு 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை தரும்; பெரும்பாலான இயங்குதளங்களில் டிரைவர் நிறுவாமலே வேலை செய்யும். இரண்டாம் வகுப்பு அதற்கு மேலும் செல்லும். ஆனால் விண்டோஸ் தனது சொந்த டிரைவரை 2017இல் வெளியான விண்டோஸ் 10இன் 1703 பதிப்பில்தான் சேர்த்தது. பழைய கணினியையோ, தொலைக்காட்சி, விளையாட்டுக் கருவி போன்றவற்றையோ இணைக்க நினைப்பவர், முதல் வகுப்பிலும் இயங்கும் டேக்கைத் தேர்ந்தெடுத்தால் தொல்லை குறையும்.

பாட்டின் தொடக்கம் விழுங்கப்படுகிறது

சத்தம் இல்லாதபோது டேக் தன்னை அடக்கிக்கொள்கிறது. மறுபடி சிக்னல் வந்ததும் கடிகாரத்தோடு இணைந்து விழித்துக்கொள்ள அதற்குச் சற்று நேரம் வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டுக்குப் பின் 48 கிலோஹெர்ட்ஸ் காணொளி வரும்போது கேட்கும் சிறு "டப்" ஒலியும் இதைச் சேர்ந்ததே. எல்லாவற்றையும் ஒரே மாதிரி வீதத்தில் அனுப்புமாறு இயங்குதளத்தில் அமைத்தால் இரண்டுமே குறையும். அறிவிப்பொலிகளும் குறுங்காணொளிகளும் அதிகம் கேட்பவர், தானாக அடங்கும் வசதியை நிறுத்திவைக்க இடமளிக்கும் கருவியைத் தேடலாம்.

ஒரு பக்கம் சன்னமாக இருக்கிறது, அல்லது பாடகரின் குரல் காணாமல் போகிறது

ஹெட்போனை இடம் வலம் மாற்றி அணியுங்கள். சன்னமான பக்கமும் காது மாறினால் குறை கருவியிலோ ஹெட்போனிலோ இருக்கிறது. எப்போதும் அதே காதில்தான் சன்னமாகக் கேட்கிறது என்றால் காதைப் பரிசோதித்துக்கொள்வது நல்லது. குமிழை மிகக் குறைவாக வைக்கும்போது மட்டும் ஒரு பக்கம் தாழ்ந்தால், குமிழின் உள்ளிருக்கும் இரட்டை மின்தடை இரு பக்கமும் சமமாக இல்லை என்று பொருள். கெய்னைக் குறைத்துக் குமிழை மேலே ஏற்றினால் போதும். தொல்லை நீடித்தால் டிஜிட்டல் முறையில் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் கருவியை வாங்குங்கள்.

குரல் மட்டும் எங்கோ தொலைவில் கரைந்துபோய், எதிரொலியும் பின்னணி வாத்தியங்களும் மட்டும் கேட்டால் பலரும் டேக் பழுது என்று பதறுகிறார்கள். பெரும்பாலும் பிளக் முழுமையாக உள்ளே போகவில்லை, அல்லது அதன் தரை முனை தொடவில்லை. இரு காதுகளுக்கும் பொதுவான தரை அறுந்தால் இடமும் வலமும் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து கேட்கும். நடுவில் பதிவான குரல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் அது மறைந்துபோகிறது.

உரத்த பகுதிகளில் ஒலி பிளந்து கேட்கிறது

இக்குறைக்குப் பல காரணங்கள் உண்டு. ஈக்வலைசரில் (சுருதிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) ஏதேனும் ஒரு பகுதியை 6 டெசிபல் உயர்த்தியிருந்தால், அதற்கு முன் மொத்த ஒலியளவைத் தீர்மானிக்கும் முன்னிலை அளவையும் (ப்ரீஆம்ப்) 6 டெசிபல் குறைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எண்கள் தமக்குரிய உச்சத்தைத் தாண்டி வெட்டுப்படும். ஈக்வலைசர் இல்லாமலும் இது நேரலாம்: மிக உரக்கப் பதிவு செய்யப்பட்ட பாட்டுகளில் இரண்டு மாதிரிகளுக்கு இடையே உருவாகும் அலையின் முகடு, மாதிரிகளின் உச்சத்தைவிட உயரமாக இருக்கும். கணினியின் ஒலியளவை 3 டெசிபல் அளவுக்குக் குறைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரில் அதை ஈடுசெய்து கேளுங்கள். பிளவு மறைந்தால் காரணம் கிடைத்துவிட்டது. 24 பிட் வெளியீட்டில் இவ்வளவு குறைப்பதால் நுணுக்கம் எதுவும் கேட்கும் அளவுக்கு இழக்கப்படாது. கைப்பேசி டேக்கின் ஹெட்போன் வெளியீட்டை முழு ஒலியளவில் வைத்து இன்னொரு ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டில் செருகியிருப்பவர், அந்த உள்ளீடு எத்தனை வோல்ட் தாங்கும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆர்சிஏ இணைப்பில் 2 வோல்ட் வழக்கமான அளவு.

குறை எதுவும் இல்லை, ஆனால் ஒலி உயிரற்றுக் கேட்கிறது

மிக அதிகமான பணம் செலவாவது இந்த அறிகுறிக்காகத்தான். அதனால் இங்கே மிகுந்த பொறுமை வேண்டும். ஓவர்சாம்ப்ளிங் (மாதிரிகளின் எண்ணிக்கையைப் பெருக்கிய பிறகு மாற்றும் முறை) இல்லாத சில டேக்குகள் 44.1 கிலோஹெர்ட்ஸ் இசையில் 20 கிலோஹெர்ட்ஸ் அருகே சுமார் 3 டெசிபல் தாழ்ந்துவிடுகின்றன. இது உண்மையான, அளக்கக்கூடிய வேறுபாடு. மற்றபடி நல்ல முறையில் வடிவமைக்கப்பட்ட இரண்டு டேக்குகளுக்கு இடையே வேறுபாடு கேட்பதாகத் தோன்றினால், முதலில் ஒலியளவைச் சமப்படுத்திப் பாருங்கள். அரை டெசிபல் உரக்க ஒலிக்கும் கருவி உரக்க இருப்பதாகத் தோன்றாது. அதிகத் தெளிவு உள்ளதாகத்தான் தோன்றும்.

சமப்படுத்த ஒரு மல்டிமீட்டர் போதும். ஹெட்போனைச் செருகிய நிலையில் 100 ஹெர்ட்ஸ் அளவிலான சோதனை ஒலியை ஓடவிட்டு, இரு கருவிகளின் வெளியீட்டையும் மாறுதிசை மின்னழுத்தத்தில் அளந்து, வேறுபாடு 1 சதவீத அளவுக்குள் வரும்வரை சரிசெய்யுங்கள், அது 0.1 டெசிபலுக்கு இணையானது. விலை குறைந்த மீட்டர்கள் மின்வழங்கலின் அதிர்வெண்ணுக்கு அருகில்தான் சரியாக அளக்கும் என்பதால் 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைத் தவிர்ப்பது நல்லது. பிறகு இன்னொருவர் உங்களுக்குத் தெரியாமல் கருவியை மாற்றட்டும். எது ஒலிக்கிறது என்று நீங்கள் பத்து முறை சொல்லுங்கள். ஒன்பது முறையோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நிகழ வாய்ப்பு 1 சதவீத அளவுதான். நீங்கள் கேட்ட வேறுபாடு உண்மை, அந்தக் கருவியை நம்பி வாங்கலாம். ஐந்தாறு முறைதான் சரியாக வந்தது என்றால், உயிரற்ற ஒலிக்குக் காரணம் டேக்கில் இல்லை. ஹெட்போனின் காது மெத்தைகளைக் கழற்றிப் பாருங்கள்: நசுங்கியோ தோல் உரிந்தோ இருந்தால் மூடிய வகை ஹெட்போன்களில் தாழ்சுருதி கசிந்து வெளியேறியிருக்கும், அதற்குரிய புதிய மெத்தைகளை முதலில் மாற்றுங்கள். மெத்தைகள் நன்றாக இருந்தால், ஈக்வலைசரில் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை இரண்டு டெசிபல் உயர்த்தியும் தாழ்த்தியும் கேளுங்கள். குரலின் அண்மையும் தெளிவும் பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன, எந்த டேக் மாற்றத்தையும்விட அங்கே செய்யும் சிறு மாற்றம் தெளிவாகக் கேட்கும்.